வீட்டு நெட்வொர்க்கில் சப்நெட், நேட்: ஐந்து எண்களிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஹாலில் ஃபைபர் மோடம். மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று வாங்கி மாட்டிய இன்னொரு ரவுட்டர். கீழே ஒரு பிரிண்டர், வாசலில் கேமரா, அதைப் பதிவு செய்ய ஒரு டிவிஆர். இன்று நிறைய வீடுகளில் இருக்கும் அமைப்பு இதுதான். அங்கே எழும் புகார்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மாடியில் போனுக்கு இணையம் நன்றாக வருகிறது, ஆனால் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியவில்லை. வீட்டுக்குள் கேமரா படம் வருகிறது, வெளியூர் போனால் வரவில்லை. அலுவலக வலைக்குள் வெளியிலிருந்து நுழைய உதவும் விபிஎன் இணைந்துவிட்டது, ஆனால் அலுவலக சர்வர் திறக்கவில்லை.

ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இவை தீராது. மூன்றுக்கும் காரணம் முகவரிகளில் இருக்கிறது. ஒரு கருவி "இந்த முகவரி என் வலைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா" என்று முடிவு செய்ய உதவுவது சப்நெட். வலையின் எல்லையைத் தாண்டும்போது முகவரியை மாற்றி எழுதுவது நேட். இரண்டையும் ஊகிக்காமல் எண்களை வைத்துப் பார்த்தால், சிக்கல் எங்கே என்று தாளில் எழுதியே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் வேலை: ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல் தரும் கருவியில், போன் என்றால் வைஃபை அமைப்புக்குப் போய் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டு விவரங்களைப் பாருங்கள். ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே (வலைக்கு வெளியே போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) மூன்றும் அங்கே இருக்கும். விண்டோஸ் கணினியில் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பின் பண்புகளைத் திறந்தால் இதே விவரம் கிடைக்கும். சில திரைகளில் மாஸ்க்குக்குப் பதிலாக 24 என்று மட்டும் போட்டிருக்கும். அதன் பொருளைக் கீழே பார்ப்போம்.

நான்காவது எண்ணுக்கு, கேட்வே முகவரியை அப்படியே பிரவுசரில் அடியுங்கள். ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கம் வரும். அதில் 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' நிலவரம் காட்டும் இடத்தில் ஒரு ஐபி முகவரி இருக்கும். அதுதான் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி. ஐந்தாவது, உலகத்துக்கு உங்கள் வீடு எந்த முகவரியாகத் தெரிகிறது என்பது. என் ஐபி முகவரி என்ன என்று தேடினால் காட்டும் தளங்கள் நிறைய உண்டு. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு வகை முகவரி காட்டினால், புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ளும் வீட்டில், மாடியில் இருக்கும் போனிலிருந்து பார்த்தால் இப்படி வருகிறது:

போன்: 192.168.0.23
மாஸ்க்: 255.255.255.0
கேட்வே: 192.168.0.1
மாடி ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி: 192.168.1.7
வெளியுலகுக்குத் தெரிவது: 203.0.113.45

கடைசி முகவரி, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் உள்ளது. யாருடைய வீட்டு முகவரியும் அல்ல. கீழே இருக்கும் மோடத்தின் உள்பக்க முகவரி 192.168.1.1, பிரிண்டர் 192.168.1.20, டிவிஆர் 192.168.1.30. மோடத்தின் நிலவரப் பக்கத்தில் அதன் வெளிப்பக்க முகவரி 100.72.14.9 என்று இருக்கிறது. இந்தப் பட்டியலை மறக்க வேண்டாம். கடைசி வரை இதுதான் துணை.

மாஸ்க் என்ன சொல்கிறது

நாம் பார்க்கும் ஐபி முகவரி (ஐபிவி4) என்பது 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கங்கள். நமக்கு வசதிக்காக எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாக எழுதுகிறோம். மாஸ்க்கும் 32 பிட்தான். அதில் இடமிருந்து தொடர்ச்சியாக எத்தனை 1 வருகிறதோ, அத்தனை பிட்டும் அந்த வலையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொது. மீதிதான் ஒவ்வொரு கருவிக்கும் தனி. 255 என்றால் எட்டு பிட்டும் 1. ஆக 255.255.255.0 என்பது மூன்று எட்டு, 24 பிட் பொது. இதையே சுருக்கி /24 என்று எழுதுகிறார்கள்.

ஒரு கருவி பாக்கெட் (தரவின் சிறு துண்டு) அனுப்பும் முன் செய்யும் கணக்கு இவ்வளவுதான். தன் முகவரியை மாஸ்க்கோடு வைத்துப் பொதுப் பகுதியை எடுக்கும். சேர வேண்டிய முகவரிக்கும் அதே மாஸ்க்கை வைத்துப் பொதுப் பகுதியை எடுக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால், "இந்த முகவரி யாருக்கு?" என்று அந்த வலையில் கேட்டு நேரடியாகக் கொடுத்துவிடும். வேறாக இருந்தால் கேட்வேயிடம் தள்ளிவிடும். கேட்வேயைத் தாண்டி எத்தனை தூரம் இருக்கிறது என்பது போனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நம் போன் 192.168.0.23. பிரிண்டர் 192.168.1.20. மாஸ்க் /24 என்பதால் முதல் மூன்று எண்களை ஒப்பிட வேண்டும். மூன்றாவது எண் 0, 1 என்று மாறுகிறது. ஒரே வீடு, ஒரே கூரை, ஆனால் போனைப் பொறுத்தவரை பிரிண்டர் வெளியூர்தான். போனில் பிரிண்டரைத் தேடும் வசதி, தன் வலைக்குள் மட்டும் கேட்கும்படி ஓர் அறிவிப்பை அனுப்பி, பதில் சொல்பவர்களைப் பட்டியலிடுகிறது. அந்த அறிவிப்பு மாடி ரவுட்டரைத் தாண்டாது. அதனால்தான் பட்டியல் காலியாக இருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேடாமல் 192.168.1.20 என்று நேரடியாகக் கொடுத்தால் பெரும்பாலும் அச்சாகிவிடும், ஏனென்றால் மாடி ரவுட்டரின் வெளிப்பக்கம் அதே 192.168.1 வலையில்தான் இருக்கிறது. ஆனால் கீழேயிருந்து ஒரு மடிக்கணினி மாடிப் போனை அணுக முயன்றால் முடியாது. பாதை ஒருபக்கம் மட்டுமே திறந்திருக்கிறது. ஏன் என்பது நேட் பகுதியில் தெரியும்.

/24 தவிர மற்றவற்றைக் கணக்கிட

மாஸ்க் 255, 0 என்று மட்டும் வந்தால் கண்ணாலேயே பிரித்துவிடலாம். நடுவில் வேறு எண் வந்தால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 256-இலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். வருவதுதான் ஒரு தொகுதியின் அளவு. 255.255.255.192 என்றால் 256 − 192 = 64. தொகுதிகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். இது /26.

192.168.0.150 என்ற முகவரி /26 மாஸ்க்கோடு வந்தால் எந்தத் தொகுதி? 150-ஐத் தாண்டாத பெரிய தொடக்கம் 128. ஆக அதன் வலை 192.168.0.128 முதல் 192.168.0.191 வரை. முதல் முகவரி வலையின் பெயர், கடைசி முகவரி எல்லோருக்குமான அறிவிப்புக்கு. இரண்டையும் கருவிகளுக்குக் கொடுக்கக் கூடாது. மீதி 129 முதல் 190 வரை, 62 கருவிகள். பிட்டாகவும் சரிபார்க்கலாம்: 150 என்பது 10010110, 192 என்பது 11000000. இரண்டிலும் 1 இருக்கும் இடத்தை மட்டும் வைத்தால் 10000000, அதாவது 128.

இந்தக் கணக்கு வீட்டில் எங்கே உதவும்? கேமராவுக்குக் கையால் முகவரி கொடுக்கும்போது. ஒருவர் கேமராவுக்கு 192.168.0.70, மாஸ்க் 255.255.255.192, கேட்வே 192.168.0.1 என்று போட்டுவிட்டார் என்று வையுங்கள். கேமராவின் தொகுதி 64 முதல் 127 வரை. கேட்வேயோ 0 முதல் 63 வரை உள்ள தொகுதியில் இருக்கிறது. தன் வலைக்கு வெளியே இருக்கும் கேட்வேயைக் கேமரா எப்படிக் கண்டுபிடிக்கும்? விளக்கு எரியும், இணையம் வராது. பலர் இங்கே கேபிளை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார்கள்.

எந்த முகவரியைப் பார்த்தால் என்ன புரிய வேண்டும்

1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதிமுறை ஆவணம் மூன்று தொகுதிகளைத் தனியார் வலைகளுக்கு ஒதுக்கியது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இரண்டாவதில் 172.16-இலிருந்து 172.31 வரை மட்டும் அடங்கும், 172 முழுவதும் அல்ல. இவற்றை யாரும் யாரையும் கேட்காமல் தன் வீட்டில் பயன்படுத்தலாம். பொது இணையத்தில் இவற்றுக்கு வழி கிடையாது.

169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், உங்கள் கருவி முகவரி கேட்டும் யாரும் கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஎச்சிபி சேவையை, கேபிளைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், அது 2012-இல் இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்ட தொகுதி. நம் மோடத்தின் 100.72.14.9 அதில்தான் வருகிறது.

வீட்டு வலைக்கு எந்தத் தொகுதி வைக்கலாம்? 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிருங்கள் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான ரவுட்டர்கள் இவற்றோடுதான் வருகின்றன. அலுவலக சர்வர் 192.168.1.15-இல் இருந்து, உங்கள் வீடும் 192.168.1 ஆக இருந்தால், விபிஎன் போட்டாலும் மடிக்கணினி அந்த முகவரியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். மேலே சொன்ன மூன்றாவது புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 10.37.10.0/24 மாதிரி யாரும் எளிதில் தேர்ந்தெடுக்காத ஒன்றை வைத்தால் இந்த மோதல் அநேகமாக வராது.

வீட்டைப் பல சப்நெட்டாகப் பிரிக்க வேண்டுமா

நான்கு போன், ஒரு டிவி இருக்கும் வீட்டில் வேண்டாம். மாடியில் வாடகைக்கு இருப்பவர்களோடு இணைப்பைப் பகிர்ந்தாலோ, கேமராக்கள் இருந்தாலோ, வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்த்தாலோ பிரிப்பது நல்லது. கேமரா போன்ற மலிவான கருவிகளுக்கு மென்பொருள் திருத்தங்கள் ஒழுங்காக வருவதில்லை. அவை உங்கள் மடிக்கணினி இருக்கும் அதே வலையில் இருக்க எந்த அவசியமும் இல்லை.

பிரிக்கும்போது /26 கணக்கெல்லாம் போட வேண்டாம். தனியார் முகவரிகளில் சிக்கனம் தேவையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முழு /24 கொடுங்கள்:

குடும்பம்: 10.37.10.0/24
விருந்தினர், வாடகைதாரர்: 10.37.20.0/24
கேமரா, டிவிஆர்: 10.37.30.0/24

மூன்றாவது எண்ணைப் பார்த்தவுடன் எந்த வலை என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலேன் (ஒரே கருவியில், ஒரே கேபிளில் ஓடும் வலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாடு) வேண்டும். விலேன் எண்ணையும் 10, 20, 30 என்றே வையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே ஸ்விட்சில் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) இருக்கும் கருவிகளுக்கு வேறு வேறு சப்நெட் முகவரி கொடுப்பதால் மட்டும் சுவர் எழுந்துவிடாது. அந்த வலையில் இருக்கும் யாரும் தன் முகவரியைக் கையால் மாற்றிக்கொண்டு அடுத்த சப்நெட்டுக்குள் நுழையலாம். சுவர் என்பது விலேனும், ரவுட்டரில் எழுதும் விதிகளும்தான். குடும்ப வலையிலிருந்து கேமராவைப் பார்க்கலாம், கேமராவிலிருந்து குடும்ப வலைக்கு எதுவும் தொடங்கக் கூடாது, விருந்தினருக்கு இணையம் மட்டும். இந்த மூன்று விதிகள் போதும். இணைய நிறுவனம் தரும் மோடங்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டரிலும் மைக்ரோடிக் ரவுட்டரிலும் செய்யலாம். அது கைவசம் இல்லையென்றால், இருக்கிற ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபையை இயக்கி, அதில் வீட்டு வலையை அணுகும் அனுமதியை மூடிவிடுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒவ்வொரு வலையிலும் டிஎச்சிபி கொடுக்கும் வரம்பை 100 முதல் 199 வரை என்று சுருக்கிவிட்டு, பிரிண்டர், டிவிஆர் போன்றவற்றுக்கு அதற்கு வெளியே நிரந்தர முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்குங்கள். போன்களுக்கு இப்படி ஒதுக்கினால் சில சமயம் பிடிக்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ரவுட்டர் ஒரு கருவியை அடையாளம் காணும் எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும்.

நேட்: எல்லையில் நடக்கும் மாற்றம்

32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. தீர்ந்துவிடும் என்று 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994-இல் கெல்ட் எகவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1631 நேட் முறையை முன்வைத்தது. தற்காலிக ஏற்பாடாகத்தான் அதைச் சொன்னார்கள். 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவிலான மையக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் வழங்கப்பட்டுவிட்டன. நேட் இன்னும் நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது பாக்கெட்டில் இரண்டு முகவரிகளும் இரண்டு போர்ட் எண்களும் இருக்கும். போர்ட் என்பது ஒரு கருவிக்குள் எந்த இணைப்பு என்று காட்டும் 16 பிட் எண், 65,535 வரை போகும். நம் வீட்டில் அனுப்புநர் பகுதி இப்படி மாறிக்கொண்டே போகிறது. சேர வேண்டிய இடம் 198.51.100.10, போர்ட் 443. அது மாறாது.

போனிலிருந்து கிளம்பும்போது: 192.168.0.23, போர்ட் 51514
மாடி ரவுட்டரைத் தாண்டியதும்: 192.168.1.7, போர்ட் 51514
மோடத்தைத் தாண்டியதும்: 100.72.14.9, போர்ட் 51514
நிறுவனத்தின் கருவியைத் தாண்டியதும்: 203.0.113.45, போர்ட் 20871

கவரில் அனுப்புநர் முகவரியை அடித்துவிட்டுத் தன் முகவரியை எழுதி, எது யாருடையது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளும் எழுத்தர் போல, ஒவ்வோர் எல்லையிலும் இது நடக்கிறது. பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து, போர்ட் எண்ணை வைத்து, பழைய முகவரியைத் திரும்ப எழுதி உள்ளே அனுப்புகிறது ரவுட்டர். இரண்டு போன்கள் ஒரே போர்ட் எண்ணோடு ஒரே இடத்துக்குப் போனால், ஒன்றின் எண்ணை மாற்றிவிடும். ஒரே பொது முகவரியில் வீடு முழுக்க இணையம் பார்க்க முடிவது இதனால்தான்.

குறிப்பு இல்லாமல் வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால்? யாருக்கு என்று தெரியாது, கைவிடப்படும். கீழேயிருந்து மாடிப் போனை அணுக முடியாததும், வெளியூரிலிருந்து டிவிஆரை அணுக முடியாததும் இந்த ஒரே காரணத்தால்தான். குறிப்புகளுக்கு ஆயுளும் உண்டு. கொஞ்ச நேரம் எதுவும் போகாமல் இருந்தால் அழிந்துவிடும். அதனால்தான் வயர்கார்ட் விபிஎன்னில் நேட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கம் 25 வினாடிக்கு ஒருமுறை வெறும் பாக்கெட் அனுப்பும்படி அமைக்கச் சொல்கிறார்கள்.

எத்தனை நேட் இருக்கிறது என்று கண்டுபிடிக்க

நான்காவது எண்ணையும் ஐந்தாவது எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் ஒரே நேட், உங்கள் ரவுட்டரில் மட்டும். நான்காவது எண் தனியார் தொகுதியில் இருந்தால் அதற்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, அநேகமாக உங்கள் வீட்டு மோடமே. அப்புறம் அந்த மோடத்தின் வெளிப்பக்க முகவரியையும் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் நிறுவனமும் நேட் செய்கிறது. நம் எடுத்துக்காட்டில் மொத்தம் மூன்று.

வீட்டுக்குள் இருக்கும் கூடுதல் நேட்டை நீக்குவது நம் கையில் இருக்கிறது. மாடி ரவுட்டரில் 'அக்சஸ் பாயின்ட்' முறை (நேட் செய்யாமல் வைஃபை மட்டும் தருவது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால் வரிசை முக்கியம். முதலில் அதன் வெளிப்பக்க கேபிளைக் கழற்றுங்கள். மடிக்கணினியை கேபிளில் இணைத்து, ரவுட்டரின் உள்பக்க முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மோடத்தின் டிஎச்சிபி வரம்பில் 2 இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய முகவரியில் மறுபடி உள்நுழைந்து டிஎச்சிபியை அணையுங்கள். கடைசியாக, கழற்றிய கேபிளை நீல நிறத்திலோ தனியாகவோ இருக்கும் வெளிப்பக்கத் துளையில் செருகாமல் சாதாரண லேன் துளையில் செருகுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்தால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது மாடிப் போனுக்கு 192.168.1 முகவரி வரும். பிரிண்டர் தானாகவே பட்டியலில் தெரியும்.

உங்கள் ரவுட்டரே எல்லாம் பார்க்கட்டும் என்றால் மோடத்தை, நேட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்தைக் கேட்கலாம். இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படும். லேண்ட்லைன் போனோ டிவி பெட்டியோ மோடத்தில் ஓடினால் அவை நின்றுவிடுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து உள்ளே வர

போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த நோட்டில் நாமே முன்கூட்டி எழுதி வைக்கும் நிரந்தரக் குறிப்பு. "இந்த போர்ட்டுக்கு வருவதை 192.168.1.30-க்கு அனுப்பு." அந்தக் கருவிக்கு முகவரி நிரந்தரமாக இருக்க வேண்டும். சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே பொது முகவரியை அழைத்தால் பல ரவுட்டர்களில் திரும்பி வராது, வேலை செய்வதையும் தவறென்று நினைத்துவிடுவீர்கள்.

நிறுவனம் நேட் செய்தால் மோடத்தில் எழுதும் விதியால் பயனில்லை. பாக்கெட் உங்கள் வீடு வரை வருவதே இல்லை. கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்க வேண்டும், அல்லது வெளியே ஒரு சர்வர் வழியாக வர வேண்டும்.

முகவரி கிடைத்தாலும் டிவிஆரை நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத் தன் படையாக்கியது. அந்த அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் சேவையை அந்தப் படையைக் கொண்டு சிலர் தாக்கி, அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல தளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள். திறக்க வேண்டியது ஒரே ஒரு போர்ட்: ரவுட்டரில் வயர்கார்ட் அமைத்து, அதற்கான யுடிபி வகை போர்ட் 51820. போன் அதன் வழியாக வீட்டுக்குள் வந்த பிறகு, டிவிஆரை உள்முகவரியிலேயே பார்க்கலாம். கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஐபிவி6 இருக்கும் வீட்டில்

இந்தியாவில் பல இணைப்புகளில் புதிய முகவரி முறையான ஐபிவி6-உம் சேர்ந்தே வருகிறது. 128 பிட் முகவரி, ஒவ்வொரு கருவிக்கும் நேரடிப் பொது முகவரி, நேட் தேவையில்லை. நிறுவனம் நேட் செய்யும் வீட்டுக்கு வெளியிலிருந்து வர இது ஒரு நல்ல வழி. ஆனால் நேட்டின் நோட்டு செய்துவந்த தற்செயல் காவலும் இங்கே இருக்காது. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா, வெளியிலிருந்து தொடங்கும் இணைப்புகளைத் தடுக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இங்கே சப்நெட் கணக்கு எளிது. ஒரு வலைக்கு /64 என்பது வழக்கம், கருவிகள் தாமாக முகவரி அமைத்துக்கொள்ள அந்த அளவு தேவை. அதனால் நிறுவனம் வீட்டுக்கு ஒரே ஒரு /64 கொடுத்தால் குடும்பம், விருந்தினர், கேமரா என்று மூன்றாகப் பிரிக்க முடியாது. /56 கொடுத்தால் 256 வலைகள் வரை பிரிக்கலாம். இணைப்பு வாங்கும்போதே எது கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.